உள்ளூர்ச் சபையும் வெளியூர்க் கிறிஸ்தவரும்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்தில் பந்தி முடிந்து யாவரும் கை கழுவிக்கொண்டிருந்த வேளையில், இந்நாகபுரிக்கு அண்மையில் வந்து சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். அவர் கணினி நிறுவனம் ஒன்றிற் பணியாற்றுபவர்; நெல்லைச் சீமையில் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவராயுள்ள குடும்பத்தினர். "அண்ணாச்சி, ஒன்று கேட்கிறேன். கிறிஸ்தவனாயிருப்பதற்கு உள்ளூரிலே ஒரு சபையிற் சேர்ந்துதான் ஆகவேண்டுமா? ஆண்டவர் எங்கும் இருக்கிறார். நம் ஊர்க் கோயில் ஆராதனையும் ஞாயிறு தவறாமற் கைப்பேசியில் வந்துவிடுகிறது. மொழி தெரியாத கோயிலிற் போய் உட்காருவானேன்?" என்று கேட்டார்.

நாம் உடனே விடை கூறவில்லை. இதே வினாவை ஏழாண்டுக் காலம் நமக்குள்ளே கேட்டு, "வேண்டுவதில்லை" என்ற விடையையும் நாமே சொல்லிக்கொண்டு, அவ்வாறே வாழ்ந்தும் வந்தவர் நாம். கை கழுவும் இடத்தில் நின்று இரண்டு சொல்லிற் கூறி முடிக்கத்தக்க செய்தி அன்று அது. ஆகவே இவ்விதழில் எழுத முற்பட்டோம். பிற சமயத்து அன்பர்கள் இது தமக்குரியதன்று எனத் தாளைப் புரட்டிவிடாதிருக்க வேண்டுகிறோம். ஊரை விட்டு வந்தவன் எதனைத் தன்னுடன் கொண்டு வரலாம், எதனை வந்த இடத்தில்தான் தேடிக்கொள்ள வேண்டும் என்னும் வினா நம் அனைவர்க்கும் பொதுவானதன்றோ?

நமது ஏழாண்டு

நாம் ரெயில்வேயிற் பார்சல் குமாஸ்தா. பள்ளியிறுதிக்கு மேற் பயின்றவரல்லர்; ஆதலின் இங்கே கூறுவது வேத சாஸ்திரிகளின் தீர்ப்பாகாது. புசாவலிற் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 2015ஆம் ஆண்டில் நாகபுரிக்கு மாற்றப்பட்டோம். இங்குள்ள கோயில்கள் எவை என்பதை வந்த திங்களிலேயே அறிந்துகொண்டோம். ஆயினும் எதிலும் சேரவில்லை.

அதற்கு நாம் கூறிக்கொண்ட காரணங்கள் பல. பணிமுறை வாரந்தோறும் மாறுகிறது. ஞாயிறு காலையில் ஓய்வு கிடைப்பது அரிது. ஆராதனை இந்தியிலும் மராத்தியிலும் நடைபெறுகிறது. இன்னும் இரண்டாண்டிற் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கிடைத்துவிடும். ஊர்ச் சபைக்குச் சங்கக் காணிக்கையை ஆண்டுதோறும் தவறாமல் அனுப்பி வருகிறோம். நம் பெயர் அங்கே பதிவேட்டில் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் உண்மையே. அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது கிடைத்த தொகைதான், ஏழாண்டுக் காலம் நாம் எந்தச் சபையின் நடுவிலும் இல்லாதிருந்தோம் என்பது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது கோயில்களும் அடைக்கப்பட்டன. அப்போது நம் ஊர்ச் சபையார் ஆராதனையைக் கைப்பேசி வாயிலாக அனுப்பத் தொடங்கினர். மகாராட்டிரத்தில் அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் வழிபாட்டிடங்கள் திறக்கப்பட்டன. கதவு திறந்த பின்னும் நாம் கைப்பேசியை விட்டு எழவில்லை. முன்பு சாக்காயிருந்தது இப்போது வழக்கமாகிவிட்டது.

வேண்டுவதில்லை என்போர் கூற்று

இந்தக் கட்சியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. வேதாகமத்திலேயே இதற்குச் சான்றுண்டு. இயேசுவோடு சிலுவையில் அறையுண்டு, இறுதி வேளையில் அவரை நம்பிய கள்வன் எந்தச் சபையிலும் சேர்ந்தவனல்லன். வனாந்தர வழியில் தேரிற் சென்ற எத்தியோப்பிய மந்திரி, பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்றதும் மகிழ்ச்சியோடு தனியே தன் வழி சென்றான் என்றே அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றன.

நம் நாட்டிலும் சான்றுகள் உள. 1905ஆம் ஆண்டில் சிம்லாவில் திருமுழுக்குப் பெற்ற சாது சுந்தர் சிங், ஒரு சபைக்குட்பட்ட பிரசங்கியாராயிருக்க அளிக்கப்பட்ட உரிமைச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காவியுடையிலே ஊர் ஊராகத் திரிந்தார். 1918ஆம் ஆண்டில் அவர் தென்னாட்டுக்கும் வந்தார். எந்தச் சபையின் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது என்று அன்று கேட்டவர் சிலரே.

1938ஆம் ஆண்டில் தாம்பரத்தில் உலக மிஷன் மாநாடு கூடியது. அவ்வாண்டிலேயே சென்னையைச் சேர்ந்த இந்தியக் கிறிஸ்தவ அறிஞர் சிலர் ஒருங்கு கூடி, இந்தியாவிற் கிறிஸ்தவத்தை மறுபடியும் சிந்திக்க வேண்டும் என்று ஒரு நூல் வெளியிட்டனர். புதுக்கோட்டையில் தலைமை நீதிபதியாயிருந்த செஞ்சையாவும், பின்னாளிற் சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய சக்கரையும் அவர்களுள் முதன்மையானவர். இயேசுவே புதிய வாழ்வு. மேனாட்டிலிருந்து வந்த திருச்சபை அமைப்பை அவ்வாழ்வோடு ஒன்றாக எண்ணுதல் கூடாது என்பது செஞ்சையாவின் கருத்து.

இவற்றோடு நாம் கண்ணாரக் காணும் குறைகளும் உள. சபைத் தேர்தல்களிற் கட்சி பிரிகின்றது; சொத்துக்காக வழக்குமன்றம் ஏறுகின்றனர்; திருவிருந்துப் பந்தியில் ஒன்றாயிருப்போர் பெண் கொடுக்கும்போது சாதி பார்க்கின்றனர். இவற்றைக் கண்டு மனம் புண்பட்டு விலகியவரை நோக்கி, "உனக்குப் பக்தி இல்லை" என்று கூறுவது நியாயமன்று.

வேண்டும் என்போர் கூற்று

எனினும் மறுபக்கமும் வலிமையுடையதே. 4ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் விக்டோரினஸ் என்றோர் ஆசிரியர் இருந்தார். நாவன்மையாற் பெரும்புகழ் பெற்று, மன்றத்திற் சிலை வைக்கப்பெற்றவர். முதுமையில் வேதாகமத்தைக் கற்று, சிம்பிளிசியானஸ் என்ற நண்பரிடம், தாம் உள்ளத்திற் கிறிஸ்தவராகிவிட்டதாகத் தனிமையிற் கூறினார். கோயிலிற் காணும்வரை அதனை ஏற்பதற்கில்லை என்றார் நண்பர். கோயிற் சுவர்களுக்கு அப்படியோர் ஆற்றல் உண்டோ என்று விக்டோரினஸ் நகைத்து விடுவார். இவ்வுரையாடல் பன்முறை நிகழ்ந்தது. உண்மையில் அவரைத் தடுத்தது தத்துவமன்று. பெருங்குடியினரான தம் நண்பர் என்ன நினைப்பரோ என்ற அச்சமே. ஒரு நாள் அவர் தாமாகவே, கோயிலுக்குப் போவோம் என்றார். அவர் பெருமையைக் கருதி, விசுவாச அறிக்கையைத் தனியிடத்திற் சொல்லலாம் என்று குருமார் இடங்கொடுத்தபோதும், அதனை மறுத்து மக்கள் அனைவர் முன்பும் நின்று கூறினார். தூய அகஸ்தீன் தம் வாழ்க்கை வரலாற்று நூலின் 8ஆம் பகுதியில் இதனை விரித்துரைக்கின்றார்.

இதனைப் படித்தபோது நமக்கு நகைப்பு வரவில்லை. நாம் கூறிவந்த காரணங்களுக்குப் பின்னாலும் வேறொன்று மறைந்திருந்ததோ என்ற ஐயமே எழுந்தது. இந்தி தெரியாமல் விழிப்பதைப் பிறர் காண்பரே என்ற கூச்சந்தான் அது.

மேலும் ஒன்று கருதத்தக்கது. இருந்த சபையைக் குறை கூறி வெளியேறிய பெரியோர் பலர், தனியே இருந்துவிடவில்லை. நெல்லை நாட்டில் அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷனெரிமாரோடு முரண்பட்டு 1857ஆம் ஆண்டில் இந்துக் கிறிஸ்தவ சபை ஒன்றை நிறுவினார். பஞ்சாபியரான பக்த் சிங், சபைப் பிரிவுகளிற் சேராமல், 1941ஆம் ஆண்டிற் சென்னையில் ஒரு புதிய கூட்டத்தைத் தொடங்கினார். குவேக்கர் என்பாரிடம் வழக்கமான திருமுழுக்கும் திருவிருந்தும் இல்லை. இரட்சணிய சேனையாரிடமும் அவ்வாறே. எனினும் இவ்விரு சாராரும் கூடி வழிபடுவதை விடவில்லை. சடங்கை விட்டவரும் கூட்டத்தை விடவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஏன்? வேதாகமம் கிறிஸ்தவனுக்கு இட்ட கடமைகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமத்தல், ஒருவரையொருவர் மன்னித்தல், அழுவாரோடு அழுதல், நோயுற்றவனுக்காக மூப்பரை அழைத்தல் ஆகிய இவற்றுள் ஒன்றையேனும் ஒருவன் தனியாகச் செய்ய முடியுமா? மன்னிப்பதற்கு, நம்மை வருத்தக்கூடிய அண்மையில் ஒருவர் இருத்தல் வேண்டும். கைப்பேசியில் வரும் ஊர்ச் சபையார் நம்மை வருத்துவதுமில்லை; நாம் அவர்கட்குத் தோள் கொடுப்பதுமில்லை.

புலம்பெயர்ந்தோர் கட்டிய சபை

முதல் நூற்றாண்டுச் சபைகளை நிறுவியவருட் பலர் நம்மைப் போலப் பிழைப்பை நாடி ஊர் மாறியவரே. ஆக்கில்லா என்பவன் பொந்து நாட்டிற் பிறந்தவன், உரோமாபுரியிற் குடியேறியவன். ஏறத்தாழ 49ஆம் ஆண்டிற் கிலவுதியு இராயன் யூதரை வெளியேற்றியபோது, மனைவி பிரிஸ்கில்லாளுடன் கொரிந்துக்கு வந்து கூடாரத் தொழில் செய்தான். பின்னர் எபேசுவுக்குச் சென்றான். பின்பு மீண்டும் உரோமாபுரிக்கு வந்தான். எபேசுவில் அவர்கள் வீட்டிலே ஒரு சபை கூடியது. உரோமாபுரியிலும் அவ்வாறே கூடியது என்று பவுலின் நிருபங்களால் அறிகிறோம். சொந்த ஊருக்குத் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருந்தனரில்லை.

அக்காலத்திலேயே மாறுதற் கடிதமும் இருந்தது. அப்பொல்லோ எபேசுவிலிருந்து அகாயாவுக்குப் புறப்பட்டபோது, அவனை ஏற்றுக்கொள்ளும்படி அங்குள்ளோர்க்குச் சகோதரர் எழுதினர். கெங்கிரேயா ஊர்ச் சபைக்கு ஊழியம் செய்த பெபேயாளை உரோமாபுரியார் ஏற்று உதவவேண்டும் என்று பவுலே எழுதினார். நமது பார்சல் அலுவலகத்திற்கு இம்முறை புதிதன்று. புறப்பட்ட நிலையத்தில் எழுதினால் மட்டும் போதாது. சேரும் நிலையத்தின் பதிவேட்டிலும் ஏறினால்தான் அச்சரக்குக்கு ஒருவர் பொறுப்பாவார். அதுவரை அது வழியிலேதான் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும், திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் ஒரு பெயர்ப் பட்டியலே. 1780ஆம் ஆண்டிற் பாளையங்கோட்டையில் 40 பேருடைய பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பட்டன. அவர்களுள் முதன்மையானவர் கிளாரிந்தா என்னும் பார்ப்பனக் கைம்பெண். அவரும் தஞ்சையிலிருந்து அங்கு வந்து குடியேறியவரே. அவர் முயற்சியால் எழுந்த கோயிலை மக்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பர். கோயில் எழுந்தது பின்னர். பெயர்கள் சேர்ந்தது முன்னர்.

அன்னையார் கேட்ட கேள்வி

2019ஆம் ஆண்டில் நம் அன்னையார் ஊரை விட்டு நம்மோடு வந்து தங்கினார்கள். ரெயில்வே குடியிருப்பின் மூன்றாம் மாடியில், மொழி தெரியாத அண்டை வீட்டாரிடையே அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே வாரத்தின் திருநாள். கைப்பேசியைச் சுவரிற் சாய்த்து வைத்து, முக்காடிட்டு, வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையிற் சமாதானம் கூறும் முறை ஒன்றுண்டு. குருவானவர் தொடங்கிவைக்க, ஒருவர் கையை மற்றவர் தம் இரு கைகளாற் பற்றி, வரிசை வரிசையாகச் சமாதானத்தைக் கொண்டு செல்வர். ஒரு ஞாயிறு கைப்பேசியில் அக்கட்டம் வந்தபோது அன்னையார் கைகளை நீட்டினார்கள். பேரன் விளையாடப் போயிருந்தான். மருமகள் அடுக்களையில் இருந்தாள். நாமோ இரவுப் பணி முடிந்து உறங்கிக்கொண்டிருந்தோம். நாம் விழித்ததும், "ஏல, அங்கே எல்லாரும் கை கொடுக்காவ. நான் யாருக்குக் கொடுக்க?" என்று கேட்டார்கள். நாம் சிரித்து மழுப்பினோம். அக்கேள்வி மட்டும் நம்மை விட்டு அகலவில்லை.

2022ஆம் ஆண்டில் அன்னையார் படுக்கையில் வீழ்ந்தார்கள். மருத்துவர் நம்பிக்கை தரவில்லை. "திருவிருந்து வாங்கணும்" என்று ஒரு மாலை கூறினார்கள். ஊர்க் குருவானவர் கைப்பேசியில் உருக்கமாக ஜெபித்தார். ஆயின் அப்பமும் பாத்திரமும் கைப்பேசியில் வாரா. ஏழாண்டாக எட்டிப் பாராத கோயிலின் வாசலில் அன்று இரவு நாம் போய் நின்றோம். அங்கிருந்த குருவானவர் மராத்தியர். நீ யார், எந்தச் சபை, ஏன் இதுவரை வரவில்லை என்று அவர் கேட்பார் என அஞ்சி, விடைகளை வழியெல்லாம் இந்தியில் உருப்போட்டுக்கொண்டு சென்றோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "தாயார் விழுங்க முடியுமா?"

அரைமணியில் அவர் நம் வீட்டிலிருந்தார். அவர் இந்தியில் ஜெபித்தார். அன்னையார் தமிழில் "ஆமென்" என்றார்கள். முடிவில் அவர் கையை நீட்டினார். அன்னையார் அதைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

ஒன்பதாம் நாள் அன்னையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். இருந்த இடத்திலேயே அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு, அங்கத்தினர்க்கே முதலுரிமை. பொறுப்பாளர் பதிவேட்டைப் பார்த்து, நம் பெயர் இல்லை என்று கூறியது முறையே. பின்னர்ச் சபையார் கூடிப் பேசி இடந்தந்தனர். நமக்குப் பெயர் தெரியாத இருபது பேர் வந்து பெட்டியைச் சுமந்தனர். ஒரு காசு கொடாத, ஒரு நாள் உடன் உட்காராத அயலானுக்காக அவர்கள் தோள் கொடுத்தனர். அன்று நாம் அழுதது அன்னையாருக்காக மட்டுமன்று.

அடுத்த திங்கள் ஊருக்கு எழுதி மாறுதற் கடிதம் பெற்றோம். இன்று நம் பெயர் இங்கே இருக்கிறது. இந்தி ஆராதனையிற் பாதி இன்னும் விளங்குவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் பாட்டுப் புத்தகத்திற் பக்கத்தை எடுத்துத் தருகிறார். திங்களுக்கொரு முறை நான்கு தமிழ்க் குடும்பத்தார் வீடு மாறி வீடு கூடித் தமிழிற் கீர்த்தனை பாடுகிறோம்.

செய்யத்தக்கன சில

புதிதாக வந்தோர்க்குப் பயன்படுமென்று சில செய்திகளைக் கூறுவோம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையிலும், வட இந்தியத் திருச்சபை 1970 நவம்பர் 29ஆம் நாள் இந்நாகபுரியிலேயும் உருவாயின. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முழு ஐக்கியமுடையவை. ஒன்றில் திடப்படுத்தல் பெற்றவர் மற்றொன்றில் திருவிருந்து பெறத் தடையில்லை. ஊர்ச் சபையின் கடிதத்தில் திருமுழுக்கு, திடப்படுத்தல், திருமணம் ஆகியவற்றின் நாள்கள் குறிக்கப்பட்டிருத்தல் நன்று.

கத்தோலிக்க அன்பர்கட்கு 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே இடங்காட்டுகிறது. ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று திங்கள் தங்கினாலே அவர் ஒருவகையில் அப்பங்கினர் ஆகிவிடுகிறார். ஐந்தாண்டு தங்கினால் அதுவே அவர்க்கு நிலையான இருப்பிடம். ஆகவே அவர்கள் செய்யவேண்டியது பங்குத்தந்தையைக் கண்டு பேசுவதே.

கலியாணத்திற்காகவும் கல்லறைக்காகவும் மட்டும் சேர்வது சிறப்பன்று. 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, கோயிலுக்குப் போகாமலே திருமணப் பதிவாளர் முன் மணம் செய்துகொள்ளலாம். ஆதலின் தாள்களுக்காகவே சபை வேண்டும் என்பது முழு உண்மையன்று.

சேர இயலாதவரும் உளர். நோயாளிகளும், குடும்பத்தார் தடுக்கின்ற பெண்களும், திருமுழுக்குப் பெறாமலே உள்ளத்தில் இயேசுவை வழிபடுவோரும் அத்தகையர். இவர்களைப் பற்றி ஹெர்பர்ட் ஹோஃபர் என்னும் லுத்தரன் அறிஞர் தமிழ்நாட்டில் ஆராய்ந்து, 1991ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். பட்டியற் சாதியினர் கிறிஸ்தவராயின் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அந்நிலைக்குரிய சலுகைகளை இழப்பர். அவருட் சிலர் பதிவேட்டுக்கு அஞ்சுவதில் வியப்பில்லை. இவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. வரமுடியாதவரைத் தேடிச் செல்வது சபையின் கடமை. வரமுடிந்தும் வாராதிருந்த நம்மைப் போன்றோரைக் குறித்தே இக்கட்டுரை.

ஆகவே இளைஞர்க்கு நம் விடை இதுவே: ஆண்டவர் உம்மை ஏற்பதற்கு இவ்வூர்ச் சபையின் பதிவேடு வேண்டுவதில்லை, கள்வனை ஏற்றவர் உம்மைத் தள்ளார். ஆனால் பிறரை நீர் தாங்குவதற்கும், பிறர் உம்மைத் தாங்குவதற்கும், கைக்கெட்டும் தொலைவிற் சிலர் வேண்டும். ஊர்க் கோயிலை மறக்கவேண்டா, காணிக்கையும் அனுப்பலாம். தமிழ்நாட்டின் மீது நமக்குள்ள அன்பு குறையாமலே இவ்வூர்ச் சங்கத்திலும் நாம் உறுப்பினராயிருக்கிறோம் அல்லவா? அதுவும் இதுவும் ஒன்றே.

வரும் ஞாயிறு நமக்கு இரவுப் பணி, காலை ஓய்வே. எட்டரை மணிக்குக் குடியிருப்பு வாயிலில் நிற்போம். தம்பி வந்தால் இருவருமாக நடந்தே போகலாம். பாட்டுப் புத்தகத்திற் பக்கம் எடுத்துத் தர இப்போது நமக்கும் தெரியும்.